அவுட்டோர் யூனிட்டுக்கு ஏற்ற இடம் எது? கடையநல்லூரை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய் விடுவது? குளிரூட்டும் இயந்திரம் தோன்றிய நாளிலிருந்தே இந்தக் கேள்வி கூடவே வருகிறது. ஆவியாகி மீண்டும் திரவமாகும் பொருளைக் கொண்டு குளிர் உண்டாக்கும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் காப்புரிமை பெற்றார். வெப்பத்தை இறைக்கும் இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கவும் முடியும் என்று வில்லியம் தாம்சன் 1852இல் காட்டினார். இன்று வெப்ப பம்ப் என்று சொல்லப்படுவது இதுதான். நம் வீட்டு ஏசியும் ஒரு வெப்ப பம்ப்தான். வெப்பத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் இறைக்கிறது. நான்கு வழி வால்வு ஒன்றைச் சேர்த்தால் வெளியிலிருந்து உள்ளேயும் இறைக்கும்.

ஜன்னல் ஏசியின் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஜன்னலே விடை சொல்லிவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. ஸ்ப்ளிட் ஏசி வந்தபோது இரண்டு பாகங்களும் பிரிந்தன. ஜப்பானில் தோஷிபா 1961இல் இத்தகைய இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அன்றுமுதல் வெளிப்பாகத்தை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனியாக எடுக்கவேண்டிய முடிவாகிவிட்டது. மொட்டை மாடியா, சுவரா, சன்ஷேடா, சந்தா என்று ஆளுக்கொரு விடை உண்டு. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் தாங்கும், தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர் போன்ற ஊருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு கணக்கு

நிலைப்பாடுகளை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு டன் குளிரூட்டல் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரமும் முடிவில் வெப்பமாகவே மாறும். ஆகவே அவுட்டோர் யூனிட் வெளியேற்றவேண்டியது ஆறரை கிலோவாட் அளவிலான வெப்பம்.

இதைச் சுமந்து செல்வது விசிறி இழுத்துத் தள்ளும் காற்று. விநாடிக்கு அரை கன மீட்டருக்குச் சற்று மேல் காற்று ஓடுவதாகக் கொண்டால், உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 9 அல்லது 10 டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்கும். இந்தியாவிலும் உலகின் பல நாடுகளிலும் ஏசியின் திறன் 35 டிகிரி வெளிக்காற்றில்தான் அளக்கப்படுகிறது. யூனிட்டுக்குள் நுழையும் காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் திறன் தோராயமாக 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது துறையில் புழங்கும் மதிப்பீடு. மாடலுக்கு மாடல் இது மாறும் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானது.

நிழலை முன்வைப்போர்

மிகப் பரவலான கருத்து இது: வெயில் பட்டால் யூனிட் சூடாகும், கரண்ட் பில் ஏறும், ஆகவே நிழலில் வை. வெயிலில் நிறுத்திய வண்டியைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் இது இயல்பாகவே சரியென்று படும். இயந்திரத்தின் மேல் தகரக் கூரை போடுவதும் கூண்டு அடிப்பதும் இந்த நம்பிக்கையிலிருந்து வருபவை.

கணக்கு இதற்கு அவ்வளவாகத் துணை வரவில்லை. யூனிட்டின் மேல் உச்சி வெயில் விழும் பரப்பு அரைச் சதுர மீட்டர் அளவுதான். அது உறிஞ்சும் வெப்பம் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. ஓடும் காற்றோடு ஒப்பிட்டால் அரை டிகிரிக்கும் குறைவான ஏற்றம். அமெரிக்காவில் புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தினர் வீடுகளில் அளந்து 1996இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் செல்கிறது. யூனிட்டுக்கு மட்டும் நிழல் தருவதால் கிடைக்கும் சேமிப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு என்றும், நிழலுக்காக வைத்த மறைப்பு காற்றைத் தடுத்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிதாகலாம் என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தனர்.

நிழலால் பயனே இல்லை என்பது இதன் பொருள் அன்று. பிளாஸ்டிக் உறைகள், குழாயைச் சுற்றிய இன்சுலேஷன், மின் இணைப்புகள் ஆகியவை வெயிலில் விரைவில் நைந்துபோகின்றன. மேலே மட்டும் உயரமான கூரை இருந்து நான்கு பக்கமும் திறந்திருந்தால் கெடுதல் இல்லை. நிழலுக்காக மூச்சை அடைப்பதுதான் பிழை.

காற்றோட்டத்தை முன்வைப்போர்

உற்பத்தியாளர்களின் கையேடுகள் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்வது இடைவெளியைப் பற்றி. எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பின்புறமும் பக்கவாட்டிலும் 10 முதல் 30 செ.மீ., முன்புறம் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை என்ற வரம்புக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காரணம், வெளியே தள்ளிய சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படுவது. யூனிட் இழுக்கும் காற்றில் 30 சதவீதம் அதுவே வெளிவிட்ட காற்றாக இருந்தால், மேலே சொன்ன கணக்கின்படி உள்நுழையும் காற்றின் சூடு 4 டிகிரி வரை கூடும். திறனில் அது பத்து சதவீதத்தை நெருங்கும் இழப்பு. நிழல் தரும் லாபத்தைவிட இது சில மடங்கு பெரிது.

அடுக்குமாடிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. குறுகிய வெளிச்சக் கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக யூனிட்டுகள் நின்றால், கீழ்த்தளங்களின் சூடு எழும்பி மேல்தளங்களின் யூனிட்டுகளுக்குள் புகும். ஹாங்காங் கட்டடங்களை வைத்துக் கணினி மாதிரிகளால் செய்யப்பட்ட ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டியுள்ளன. நம் ஊர்களில் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே விட்ட இரண்டடிச் சந்து, அழகுக்காக வைக்கும் நெருக்கமான மரச்சட்டம், மூன்று பக்கம் மூடிய சர்வீஸ் பால்கனி ஆகியவற்றிலும் இதே நிகழ்வுதான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், கையேட்டின் எண்கள் ஒற்றை யூனிட்டையும் அசையாத காற்றையும் மனதில் வைத்தவை என்பது. எதிரெதிர் வீடுகளின் யூனிட்டுகள் ஒரே சந்தைப் பார்த்து ஊதினால், ஒவ்வொன்றும் கையேட்டின்படி சரியாக இருந்தும் எல்லாம் சேர்ந்து தவறாகிவிடும்.

குட்டைக் குழாயை முன்வைப்போர்

மெக்கானிக்குகள் பலர் சொல்லும் விடை வேறு: இண்டோருக்கு நேர் வெளிச்சுவரில் மாட்டு. காப்பர் பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இதில் நியாயம் உண்டு. குழாய் நீள நீள அழுத்தம் குறையும், இன்சுலேஷன் வழியே குளிர் கசியும். ஓரளவு நீளத்துக்கான கேஸ் மட்டுமே தொழிற்சாலையில் அடைக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் கையேட்டின்படி மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடைபோட்டுச் சேர்க்கவேண்டும். யூனிட் மாடியில் உயரமாக நின்றால் கம்ப்ரசர் எண்ணெய் திரும்பி மேலே ஏறவேண்டும் என்ற கவலையும் உண்டு.

இந்த வாதத்துக்குப் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. ஏசியோடு வரும் காப்பர் பைப் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்காரர் தனியாகப் பணம் தரவேண்டும். எனவே இடத்தைத் தீர்மானிப்பது பல சமயம் வெப்பவியல் அன்று, பைப்பின் விலை.

ஒப்பிட்டால், கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஐந்தாறு மீட்டர் கூடுதல் குழாயால் வரும் இழப்பு பெரும்பாலும் சில சதவீதத்துக்குள் நிற்கும். சூடான காற்று திரும்பிச் சுழலும் சந்தில் வைப்பதால் வரும் இழப்பு அதைவிட அதிகமாகலாம். ஆகவே குட்டைக் குழாய் ஒரு நல்ல விதி. மோசமான இடத்தைத் தேர்வதற்கு அது காரணமாகக் கூடாது.

உறுதியை முன்வைப்போர்

கட்டடப் பொறியாளர்களின் கவலை திறனைப் பற்றியதன்று. 25 முதல் 40 கிலோ எடையுள்ள, அதிர்ந்துகொண்டே இருக்கும் இயந்திரம் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொங்குவதைப் பற்றியது. சன்ஷேடு மழையையும் வெயிலையும் தடுக்கக் கட்டப்பட்டது. இயந்திரத்தையும் அதன்மேல் ஏறி நிற்கும் மனிதரையும் சேர்த்துத் தாங்க அது பெரும்பாலும் வடிவமைக்கப்படுவதில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் உள்ளீடற்ற கல்லிலும் ஆங்கர் போல்ட்டின் பிடி ஒரே மாதிரி இருக்காது. மெல்லிய இரும்பு ஸ்டாண்டு, பெயிண்ட் உரிந்த இடத்திலிருந்து துருவேறும்.

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூர் இதற்கு நிர்வாக வழியில் விடை கண்டது. அங்குள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் பயிற்சி பெற்றவரே யூனிட்டைப் பொருத்தவேண்டும். தாங்கிகள் துருவேறா எஃகால் ஆனவையாக இருக்கவேண்டும். புதிய கட்டடங்களில் யூனிட்டுக்கென்றே மேடை விடப்படுகிறது. நம்மிடம் வீடு கட்டி முடித்த பிறகே ஏசி பற்றிய பேச்சு தொடங்குகிறது. வரைபடத்திலேயே யூனிட்டுக்கு ஓர் இடமும், குழாய் செல்ல ஒரு வழியும், தண்ணீர் வடிய ஒரு டிரெயினும் ஒதுக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

இந்த நிலைப்பாட்டில் இன்னொரு கூறும் இருக்கிறது. அதைப் பேசுவோர் குறைவு. பொருத்துவது ஒரு நாள் வேலை. சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. கயிறோ பெல்ட்டோ இன்றி மூன்றாம் மாடிச் சுவரில் தொற்றிக்கொண்டு ஒருவர் வேலை செய்யவேண்டிய இடம், மற்ற எல்லாக் கணக்கிலும் சரியாக இருந்தாலும் தவறான இடம்தான். மனித உயிரைப் பணயம் வைக்கும் எந்த இடத்தையும் சிக்கனம் நியாயப்படுத்தாது.

பக்கத்து வீட்டை முன்வைப்போர்

மேலே சொன்ன நான்கு நிலைப்பாடுகளும் இயந்திரத்தின் உரிமையாளரையும் அதைப் பொருத்துபவரையும் மட்டுமே எண்ணுகின்றன. வெளியே தள்ளிய ஆறரை கிலோவாட் எங்கே போகிறது என்பது ஐந்தாவது நிலைப்பாட்டின் கேள்வி. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரை வைத்து 2014இல் வெளியான மாதிரி ஆய்வு, ஏசிகள் வெளிவிடும் வெப்பத்தால் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் உயரக்கூடும் என்று கணித்தது. பெருநகரத்தின் முடிவைச் சிற்றூருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு இடையிலான முடுக்கில், ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் ஏசி இல்லாத குடும்பத்துக்கு எதிர்வீட்டு யூனிட்டின் காற்று நேரடியான துன்பம். குளிர் ஒரு வீட்டுக்கும் சூடு இன்னொரு வீட்டுக்கும் போவது நியாயமன்று.

ஒலியும் அப்படியே. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல் என்ற அளவை வைத்துள்ளன. ஒரு மீட்டர் தூரத்தில் யூனிட் எழுப்பும் ஒலி பல மாடல்களில் இதைவிட அதிகம். இங்கிலாந்தில் வெப்ப பம்பு எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும் என்ற நிபந்தனை 2025இல் கைவிடப்பட்டது. பக்கத்து வீட்டு ஜன்னலில் கேட்கும் ஒலியைக் கணக்கிடும் முறை நீடிக்கிறது. தூரத்தை அளப்பதைவிட விளைவை அளப்பது மேல் என்ற மாற்றம் அதில் தெரிகிறது.

கணவாய்க் காற்று என்ற தனிச் சிக்கல்

கடையநல்லூருக்கு வரும்போது பொதுவிதிகளோடு ஓர் உள்ளூர்க் காரணியும் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை குவிந்து பாய்கிறது. குற்றாலத்துக்குச் சாரலையும், இந்தச் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளுக்கு வேலையையும் தருவது அந்தக் காற்றே.

காற்றாலைக்கு வரமான வேகம் அவுட்டோர் யூனிட்டுக்குச் சோதனையாகலாம். மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று நேராக வந்து மோதினால் ஏறத்தாழ 40 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். சாதாரண அவுட்டோர் விசிறி எதிர்கொள்ள வடிவமைக்கப்பட்ட அழுத்தமும் சில பத்து பாஸ்கல்களே. ஆகவே ஊதும் வாய் மேற்கு நோக்கி இருந்தால், விசிறி தள்ளும் காற்றைப் பருவக்காற்று திருப்பித் தள்ளும். வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறும், பாதுகாப்புச் சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தவும் கூடும். இதனாலேயே ஊதும் திசை காற்றின் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், முடியாவிட்டால் தடுப்பு வையுங்கள் என்று கையேடுகள் சொல்கின்றன. இங்கே வடக்கோ தெற்கோ பார்த்து ஊதுவது பொதுவாகப் பாதுகாப்பான தேர்வு. கிழக்கு நோக்கி ஊதி, மேற்கிலிருந்து காற்றை வாங்குவதும் ஏற்கத்தக்கதே.

ஆனால் இதற்கு எதிர்வாதமும் வலுவானது. ஏசி அதிகம் ஓடுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது கணவாய்க் காற்று அந்த வேகத்தில் இராது. சாரல் இறங்கிவிட்டால் பல வீடுகளில் ஏசியின் தேவையே குறையும். அப்படியானால் எந்தப் பருவத்தை மனதில் வைத்து இடம் தேர்வது? சாரல் பொய்க்கும் ஆண்டுகளில் காற்றும் வெக்கையும் சேர்ந்து வருவதையும், மொட்டை மாடியில் காற்றின் வேகம் தெருமட்டத்தைவிட அதிகம் என்பதையும் கணக்கில் கொண்டால், மாடியில் வைப்போர் திசையைப் பார்ப்பது அவசியம். சந்தில் வைப்போருக்குக் கோடையின் காற்றோட்டமே முதல் கவலை. தெருவின் வளைவும் எதிர்க் கட்டடத்தின் உயரமும் காற்றைத் திருப்பிவிடும் என்பதால், ஊருக்கெல்லாம் ஒரே திசையைச் சொல்லிவிட முடியாது.

எதிர்த்திசையில் ஓடும்போது

வெப்பத்துக்காக ஓடும் பம்பில் இதே கேள்வி தலைகீழாகிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் வெப்ப பம்ப் வைத்துள்ள தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் அவுட்டோர் யூனிட் வெளியே விடுவது குளிர்ந்த காற்றை. காயிலில் உறைபனி படியும். அவ்வப்போது அதை உருக்கவேண்டும். உருகிய நீர் நடைபாதையில் உறையாதபடி வடியவேண்டும். பனி குவியும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டு நிற்கவேண்டும்.

கடையநல்லூரில் உறைபனி இல்லை. ஆனால் வெந்நீருக்கான வெப்ப பம்பு குற்றாலம் போன்ற விடுதி ஊர்களுக்குப் பொருந்தக்கூடிய ஒன்று. மின் ஹீட்டரோடு ஒப்பிட்டால் அதே வெந்நீருக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய மின்சாரமே போதும். அங்கே யூனிட்டுக்குத் தேவை சூடான காற்று. மூடிய அறையில் வைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே தானே வாங்கித் திணறும். சூடாயினும் குளிராயினும் விட்ட காற்று திரும்பக் கூடாது என்ற விதி மாறவில்லை.

இடத்தைவிடக் கை முக்கியமா?

நல்ல இடத்தில் மோசமாகப் பொருத்திய யூனிட்டை என்ன சொல்வது? ஆர்22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவின் காலத்தில் கொஞ்சம் கேஸை விட்டுக் குழாயிலிருக்கும் காற்றை வெளியே ஊதித் தள்ளும் பழக்கம் இருந்தது. இன்று பரவலாகப் பயன்படும் ஆர்32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு புவி வெப்பமாக்கும் ஆற்றல் கொண்டது. குழாய்க்குள் தங்கும் ஈரம் இன்றைய கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஆகவே நைட்ரஜனால் லீக் பார்ப்பதும், வேக்யூம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் முழுதாக வெளியேற்றுவதும், ஃப்ளேர் நட்டை அளவோடு முடுக்குவதும் விருப்பத்துக்கு விட்ட வேலைகள் அல்ல.

2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காக வைத்தது இதனால்தான். ஆனாலும் வீட்டுக்காரர் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது வேக்யூம் போடும் அரைமணி நேரமே. நட்சத்திரக் குறியீடு தொழிற்சாலை தரும் வாக்குறுதி. அதை நிறைவேற்றுவது பொருத்தும் கை. அந்தக் கைக்குரிய நேரத்தையும் கூலியையும் தராமல் ஐந்து நட்சத்திரம் வாங்குவதில் பயன் குறைவு.

எஞ்சியிருப்பவை

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. விழாத, விழவைக்காத இடம் முதலில். விட்ட சூடு தன்னிடமும் பக்கத்து வீட்டாரிடமும் திரும்பாத இடம் அடுத்து. பருவக்காற்றை எதிர்க்காத திசை அதன்பின். குழாயின் நீளம் நான்காவது. நிழல் கடைசி. மக்கள் வழக்கத்தில் இந்த வரிசை ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது என்பதே கவலைக்குரியது.

இந்த வரிசை ஒவ்வொரு வீட்டுக்கும் மாறாதது என்று சொல்ல முடியாது. மேலே உள்ள கணக்குகள் தோராயமானவை. நிழலைப் பற்றிய அளவீடு புளோரிடாவுடையது, சுழலும் சூட்டைப் பற்றியது ஹாங்காங்குடையது. கோடையில் கொதிக்கும் தட்டோட்டு மாடிக்கும் காற்று நுழையாத முடுக்குக்கும் இடையே உண்மையில் எத்தனை டிகிரி வேறுபாடு என்பதை இந்த மண்ணில், பருவத்துக்குப் பருவம் அளந்து பார்க்கவேண்டும். யூனிட்டின் பின்புறம் ஒரு வெப்பமானியும் திறந்த வெளியில் இன்னொன்றும் வைத்தால் போதும். பாலிடெக்னிக் மாணவர்கள் செய்யக்கூடிய வேலைதான். தெருவில் கடைசியாக ஏசி வாங்குபவருக்கு நல்ல இடம் மிஞ்சுமா, ஏசி வாங்க முடியாதவரின் ஜன்னலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு வெப்பமானி விடை சொல்லாது. அவற்றைக் கட்டட விதிகளும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே தீர்க்கவேண்டும். ஏசிகள் பெருகப் பெருக அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவது கடினமாகும்.